என் சொந்தக் கற்பனையில் பிறந்த ராணி

செல்லக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் அப்பாவும் சுகம், என் மானம் மட்டும்தான் இரண்டு வாரமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. எங்கள் கண் மருத்துவமனை ஆண்டு விழாவுக்கு நான் ஒரு விண்வெளி நாடகம் எழுதினேன். மூக்குக்கண்ணாடி விற்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பெயர் தேடி மண்டையைக் குடைந்துகொண்டேன். கிரகத்துத் தண்ணீரையெல்லாம் விழுங்குகிற வில்லனுக்கு விருத்ரான் என்று வைத்தேன், மகள் வேறு கிரகத்துக்குப் போய்விட்ட கோபத்தில் ஒரு பயிரையும் முளைக்க விடாத ராணிக்கு டிமித்ரா. ராணி வேடம் எனக்குத்தான், வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பேன்? அப்பாவுக்குப் பச்சைச் சாயம் பூசி விருத்ரான் ஆக்கினோம், காதோரம் இன்னும் போகவில்லை, அந்தக் கோலத்தில்தான் வங்கிக்குப் போய் வருகிறார்.

கடைசிக் காட்சியில் மகளை விண்கலத்தில் இழுத்துவந்து அரண்மனையில் பூட்டினேன், நல்ல கைதட்டல். பெரிய டாக்டர் மேடைக்கு வந்து இந்தப் பேரெல்லாம் எங்கேருந்து பிடிச்சீங்க என்று கேட்டார். எல்லாம் என் மூளைல உதிச்சது சார், உலகத்துல வேற எங்கேயும் கிடையாது என்று நான் தலையை நிமிர்த்தியதில் கிரீடம் பின்னால் விழுந்தது. அப்போது முன்வரிசையில், கண்புரை எடுத்து ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியை எழுந்தார். தப்பா நினைக்காதீங்கம்மா, விருத்ரன் வேதத்துல தண்ணிய அடைச்சு வெச்ச அசுரன், உங்க ராணி கிரேக்கக் கதைல வர்ற டிமிட்டர், பொண்ணைப் பாதாளத்து ராஜா தூக்கிட்டுப் போனதும் பூமியையே காயப்போட்டவ என்றார். ஒற்றைக் கண்ணிலேயே இவ்வளவு தெரிந்தால் இரண்டும் திறந்திருந்தால் என் கதி என்ன? எப்போதோ படித்து மறந்ததை என் மூளை பெயரை மட்டும் லேசாகத் திருகி எனக்கே விற்றிருக்கிறது. அசடு வழிய, கடைசில என்ன ஆச்சு மேடம் என்று கேட்டேன். வருஷத்துல சில மாசம் பொண்ணு அங்கே, மீதி மாசம் அம்மாகிட்ட, அவ வரும்போது பூமி துளிர்க்கும் என்றார்.

பேருந்தில் வரும்போது அப்பா பச்சை முகத்தோடு மெதுவாகச் சொன்னார்: "அவ்வளவு தூரத்துல, அந்த ஊர்லயே நிரந்தர வேலைல சேரட்டுமான்னு பொண்ணு கேட்டு ஒரு மாசமாச்சு. போன்ல பேச்சை மாத்திட்டே இருந்த, இன்னிக்கு ஊரைக் கூட்டி பதில் சொல்லிட்ட." எனக்குச் சுருக்கென்றது. அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த மாதம் நர்சுகள் விடுதியில் நாடகத்தை மறுபடி போடுகிறோம். முடிவை மாற்றிவிட்டேன், இப்போது ராணியே விண்கலத்தின் கதவைத் திறந்து மகளை அனுப்புகிறாள். ஒத்திகையில் அந்த இடத்தில் மட்டும் எனக்கு வசனம் வரவே மாட்டேன் என்கிறது. என்ன நடிப்பு என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள், நானும் திருத்தவில்லை.

அந்த வேலையில் சேர்ந்துகொள் கண்ணம்மா. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் விடுமுறை எத்தனை நாள் என்பதை மறக்காமல் படித்துப் பார்.

ஆசிகளுடன்,
அம்மா