இரண்டு லிட்டர் சாராயத்துக்கு வாங்கிய பெயர்

பிரோத் மலையடிவாரம்,
மே 14

லின்ஸ் நகரத்து இரும்பாலையை ஒற்றைத் தோளில் தாங்கி நிற்கும் வீரன், என் தம்பி மகன் யெரெமியாவுக்குப் பெரியப்பா தோதோர் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனி நாடாகப் பிரிந்துபோய் ஒரு மாதமாகிறது; சமரசம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பதினேழு கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. ஆஸ்திரியக் குடியுரிமைத் தாளில் உன் பெயரை ‘ஜெரி’ என்று மாற்றிக்கொள்ளப் போகிறாயாம். இந்த மாதக் கடைசியில் கையெழுத்தாம். “அப்பாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. அவர் ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. பிடிக்காத பேர்தானே” என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு வந்தபோது என் மூக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது. பழைய கண்ணாடி, ஒழுகுகிறது.

அடேய், அந்தப் பெயரை உனக்கு வைத்தது உன் அப்பன் இல்லை. நான். அதுவும் திருட்டுத்தனமாக.

எங்களுக்கு ஒரு கடைக்குட்டித் தம்பி இருந்தான். யெரெமியா. ஒரே மூச்சில் முப்பது பிளம் பழம் தின்று கொட்டைகளைத் தேவாலயக் கூரைக்கு மேல் துப்புவான். யெரெமியா திருநாளுக்கு முந்தின மாலை, ஊரே பாத்திரத்தைத் தட்டி, அந்தப் புனிதர் பெயரைக் கத்திப் பாம்பு விரட்டுமே, அப்போது இவன்தான் முன்னால் போவான். இவன் தட்டுகிற தட்டுக்குப் பாம்புகள் பல்கேரிய எல்லைவரை ஓடி, காவலரிடம் கடவுச்சீட்டுக் காட்டிவிட்டுத்தான் மூச்சுவிடும்.

இருபது வயதில் ராணுவத்துக்குப் போனான். ஆறாவது வாரம் காய்ச்சல். பெட்டியில் வந்தான். உன் அப்பன் ரதோயேதான் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அடக்கம் முடிந்து வந்து மேசையை ஓங்கித் தட்டினான். “இனிமே இந்த வீட்ல அந்தப் பேர யாரும் எடுக்கக் கூடாது.” நாங்கள் எடுக்கவில்லை. வருஷா வருஷம் ஊர்ப் பிள்ளைகள் தட்டிக்கொண்டு வரும்போது அவன் நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

அப்புறம் நீ பிறந்தாய். மிலோராத் என்று வைக்க முடிவு. ஆனால் நம் வழக்கத்தில் கோவிலில் பெயரைச் சொல்வது ஞானத்தகப்பன்தானே; அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் பெற்றவன்கூட மாற்ற முடியாது. நான் முந்தின நாளே ஞானத்தகப்பன் ஸ்டாமெனைப் பிடித்தேன். இரண்டு லிட்டர் பிளம் சாராயம், ஒரு கிடா. “ரதோயே என்னைக் கொன்னுடுவான்யா” என்றான். “செத்தா நல்ல கல்லறையாக் கட்டுறேன், சொல்லு” என்றேன்.

பாதிரியார் மூன்று தடவை கேட்டார், “பிள்ளைக்கு என்ன பேரு?” ஸ்டாமென் மூன்று தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு யெரெமியா என்றான். உன் அப்பன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, “அந்த ஆளை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்று உன் அம்மாவிடம் சொல்வான். புண்ணியவதி, சிரிப்பை அடக்கியே இளைத்துப்போனாள்.

ஏன் செய்தேன் என்றா கேட்கிறாய்? முற்றத்தில் நின்று அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். உன்னை ஒரு நாளைக்கு நானூறு தடவை கூப்பிட்டிருப்பேன், பாதி நேரம் காரணமே இல்லாமல். உன் அப்பனுக்கு நாக்கு எழவில்லை. ‘டேய்’ என்பான், ‘பையா’ என்பான். பிடிக்காமல் இல்லையடா.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூட நான் ஊதிப் பெருக்கவில்லை. பிள்ளைகள் தட்டிக்கொண்டு வந்தார்கள். உன் அப்பன் நிலவறைக்குப் போகவில்லை. அடுப்படியிலிருந்து செப்பு மூடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். எழுபத்திரண்டு வயது, இடுப்பு வலி. தட்டினான். பெயரைச் சொல்லிக் கத்தினான். முதல் தடவை குரல் வரவில்லை, இரண்டாம் தடவை வந்தது. திரும்பி வந்து மூச்சிரைக்கக் கேட்டான்: “யெரெமியாகிட்டருந்து கடுதாசி ஏதும் வந்துச்சாண்ணே?”

வரவில்லை என்று பொய் சொன்னேன். உன் கடிதம் என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது.

தாளில் என்ன எழுத வேண்டும் என்பது உன் பாடு, உன் பிழைப்பு. ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் கெட்டிப் பல்லும் தரட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் போன் பண்ணு. மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன், முழங்கால் வலி என்று சொல்லிவிடுவேன். அவன்தான் எடுப்பான். காது மந்தம், “யாரு?” என்று கேட்பான்.

பெயரைச் சொல்.

உன் பெரியப்பா,
தோதோர்