இரண்டு மிஷினுக்கும் பொட்டு

தியாகதுருகம்,
15.10.2025

அன்புள்ள மகன் சிவசங்கருக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மாடு சுகம், வீட்டுக்குப் புதிதாக வந்த இரண்டு டிரில் மிஷினும் சுகம். அங்கே மஸ்கட்டில் நீயும் தேவிப்ரியாவும் குறையில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போன் உன் அப்பாவிடம் இருக்கிறது, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே நான் எப்படிச் சொல்வது. உன் கம்பெனிக்கே வேலைக்கு வரும் கவியரசன் நாளைக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு டப்பா முறுக்கையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுவருவான், முறுக்கைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன், கோபப்படாதே. ஆடி மாதம் அப்பா பாத்ரூமில் வழுக்கிக் கால் பிசகிவிட்டது என்று சொன்னோமே, அது பாத்ரூமும் இல்லை, வழுக்கலும் இல்லை. மலை மேல் கரியாலூரில் புதிதாகக் கட்டும் லாட்ஜுக்கு ஜன்னல் கொசுவலை அடிக்கப் போனவர், பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் தனியாக ஏணியில் ஏறி ஏணியோடு சாய்ந்து விழுந்தார். கீழே மணல் கொட்டியிருந்ததால் கணுக்காலோடு போயிற்று. ஏன் ஆளில்லை என்றால் ராசு சித்தப்பாவோடு பேச்சே இல்லை, அதையும் உனக்குச் சொல்லவில்லை. வைகாசியில் அதே லாட்ஜில் ராசு போட்ட துளை சுவருக்குள் போன தண்ணீர்ப் பைப்பில் இறங்கிப் பீய்ச்சி அடித்திருக்கிறது. உன் அப்பா லாட்ஜ்காரர் முன்னாலேயே, இருவது வருசமா ஓட்ட போட்டுக்கினு கீற, பைப்பு போற சுவரு உனுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டாராம். ராசு தன் டிரில் மிஷினின் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மிஷின் ராசுவுடையது, வாய் மட்டும்தான் அப்பாவுடையது என்பது அப்புறம்தான் இவருக்கு உறைத்தது. ஆனாலும் எனக்கின்னா கை இல்லையா என்று தனியாகவே மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விழுந்த பிறகும் போனார். அவர் போகிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது, சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்கும்வரை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

இனி மிஷின் கதை. மலை மேல் புதுக் கட்டடங்களுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை, ஜெனரேட்டர்காரன் நினைத்தால்தான் வேலை, அதனால் பேட்டரியில் ஓடுகிற மிஷினாக வாங்கவேண்டும் என்று சொந்தமாக முடிவெடுத்தார். அதுவரை சரி. அதற்கப்புறம் நீ வீடியோ அனுப்ப ஆரம்பித்தாய். ஒன்றா இரண்டா, ஏழு வீடியோ. உனக்குப் பெண் பார்க்கப் போனபோது கையில் இருந்த காபி ஆறுவதற்குள் சரி என்று சொன்ன மனுஷன், இந்த மிஷினுக்கு ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டார். கள்ளக்குறிச்சி ஜெயப்பிரகாஷ் ஹார்டுவேர் கடையில் இரண்டு மிஷினைக் காட்டியிருக்கிறார். ஒரே கம்பெனி, ஒரே பச்சை, ஒரே மூக்கு, பேட்டரி கூட மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றின் கழுத்து வளையத்தில் குட்டியாக ஒரு சுத்தியல் படம் இருக்கிறது, அது குத்திக்கொண்டே துளைக்கும், காங்கிரீட் சுவருக்கு ஆகும். இன்னொன்றில் சுத்தியல் இல்லை, கனம் கம்மி, மரத்துக்கும் தகரத்துக்கும் போதும். இவ்வளவுதான் வித்தியாசம், இதைப் படிக்காத நானே சொல்லிவிட்டேன். நீ என்னடா என்றால் தினமும் அரைமணி நேரம் டார்க்கு, ஆர்பிஎம் என்று பெரிய டாக்டர் மாதிரி பேசிவிட்டுக் கடைசியில் ரெண்டுமே நல்லதுதாம்பா என்று போனை வைத்துவிடுவாய். அந்த மனுஷன் மறுபடியும் முதலிலிருந்து யோசிப்பார்.

ஜெயப்பிரகாஷ் பாவம், இவர் தினமும் போய் நின்றால் வேறு யாவாரம் பார்க்கமுடியாமல், அண்ணே ரெண்டயும் வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க, நாலு நாள் ஓட்டிப் பாருங்க, ஒண்ண வச்சிக்கினு ஒண்ணக் குடுங்க என்று கொடுத்தனுப்பிவிட்டார். நாலு நாளில் என் சமையலறைச் சுவரில் பதினோரு துளை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த மிஷின் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். நானும் ஆணி வாங்கி அடித்து எல்லாவற்றிலும் கரண்டி மாட்டிவிட்டேன், வருகிறவர்கள் ஹோட்டல் வைக்கப் போகிறாயா என்று கேட்கிறார்கள்.

நாலாம் நாள் ஆயுத பூஜை. வழக்கம்போல அரிவாள், மண்வெட்டி, ஸ்பேனர் எல்லாம் கழுவிப் பலகையில் வைத்தேன். மிஷினில் எதை வைக்கட்டும் என்றேன், லேசான மிஷினைக் காட்டினார், சந்தனம் குங்குமம் வைத்தேன். திருப்பிக் கொடுக்கவேண்டியது ஓரமாகத் தரையில் இருந்தது. பொரி எடுத்துவர உள்ளே போய் வந்தால், அதுவும் பலகை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் பொட்டு. நான் வாய் திறப்பதற்குள் அவரே, இன்னா அம்சா, ரெண்டுக்கும் வச்சிட்டியா, இப்ப எப்படிக் கடைக்காரன் வாங்குவான் என்று சத்தம் போட்டார். நான் எங்கே வைத்தேன் என்று சொல்லத்தான் வந்தேன். அவர் கட்டைவிரலைப் பார்த்தேன், நகம்வரை குங்குமம். ஆமாங்க, தெரியாம வச்சிட்டேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், இவதான் வச்சிட்டா என்று ஜெயப்பிரகாஷிடமும் முறையிட்டார். அவர் காற்றுப் போகிற ஓட்டையில் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, ஒரு வூட்ல பூஜ போட்டத நான் திரும்ப எடுக்கமாட்டேங்க, அது உங்க வூட்டுச் சாமானு என்று சொல்லிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், நடிப்பில் உன் அப்பாவுக்கு நான் குறைந்தவள் இல்லை. வீட்டுக்கு வந்ததும், பூஜை போட்ட சாமானைச் சும்மா வைத்தால் ஆகாது, யாராவது வேலைக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றார். யார் என்று கேட்டேன். தெரியாது என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மறுநாள் சுத்தியல் படம் போட்ட மிஷினை மஞ்சள் பையில் போட்டு, என் முந்தானை படுகிற இடமாகப் பார்த்து வைத்திருந்தார். யாரிடம் கொடுக்கவேண்டும் என்று அப்போதும் சொல்லவில்லை. நானாகவே ஞாயிற்றுக்கிழமை ராசு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ராசு மிஷினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரு பொட்டு வச்சது அண்ணி என்று கேட்டார், நான்தான் என்றேன். உங்க பொட்டு மொளகளவுதான் இருக்கும், இது எங்க அண்ணன் கட்டவிரலு என்றார். அப்புறம், அண்ணங்கிட்ட எது கீது என்று கேட்டார். சுத்தியல் இல்லாதது என்றேன். உனக்கே தெரியும், இத்தனை வருஷமும் சட்டமும் மரமும் அப்பா வேலை, சுவரில் துளை போடுவது ராசு வேலை. சுவரில் துளை போட்டதற்குத்தானே அந்தப் பேச்சு பேசினார், இப்போது சுவருக்கான மிஷினையே ராசுவுக்குக் கொடுத்துவிட்டு, சுவருக்கு ஆகாததைத் தான் வைத்துக்கொண்டார். மன்னித்துக்கொள் என்று சொல்ல உன் அப்பாவுக்கு வாய் வராது, அவருக்குத் தெரிந்த வழி இது. ராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேட்டரியைச் சார்ஜில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் ஹாரன் சத்தம். ராசு வண்டியிலிருந்து இறங்காமலே, நேரமாவுது வரச்சொல்லுங்க அண்ணி என்றார். அப்பாவும் ஐந்து மாதம் நடந்தது எதுவும் நடக்காததுபோல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். பைப்பைப் பற்றியோ பொட்டைப் பற்றியோ இரண்டு பேரும் இன்றுவரை பேசவில்லை, பேசவும் மாட்டார்கள். நீயும் போனில் கேட்டுத் தொலைக்காதே. வீடியோவும் இனிமேல் அனுப்பாதே, அடுத்து ஏணி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார், தாங்காது.

தேவிப்ரியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், வெயிலில் அலையாதே, தீபாவளிக்கு இரண்டு பேரும் மறக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். ராசு சித்தப்பாவுக்கு நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் ஒரு போன் போடு. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழவேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கரியாலூரிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே அப்பா என்னிடம், அவன் புடிச்சிக்கினா ஏணி ஆடறதே இல்ல அம்சா என்றார். நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன், அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்சவள்ளி