இரண்டு டிகிரி கூடுதல்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உன்னை அண்ணி என்று கூப்பிட வைத்தது அம்மா. வா, போ என்று பேசுவது மட்டும் நம் பழைய ஒப்பந்தம். அண்ணன் எப்படி இருக்கிறான்? போனில் "எல்லாம் நல்லாருக்கு" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நீயாவது நாலு வரி எழுதக் கூடாதா?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆய்வகத்தில் நாம் ஒரே மேஜையில் வேலை செய்த காலத்தில் கண்டுபிடித்தோமே, அதைப் பற்றி. நோயை எதிர்க்கிற டி செல்லின் மேற்பரப்புக்கு ஒரு செய்தி வந்தால், புரதங்கள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி உள்ளே கொண்டுபோகும். நடுவில் இருந்த முக்கியப் புரதத்தை நாம் எடுத்துவிட்டோம். அப்படியும் செய்தி போய்ச் சேர்ந்தது. இன்னொரு வழி இருக்கிறது என்று கட்டுரை எழுதினோம். பதினொரு வருடமாக அந்த இன்னொரு வழிதான் என் பிழைப்பு.

புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவிக்குக் கை பழகட்டும் என்று அதே சோதனையைக் கொடுத்தேன். நான்கு முறை செய்தாள். செய்தி போய்ச் சேர்ந்ததைக் காட்டும் கறுப்புப் பட்டை ஃபிலிமில் விழவே இல்லை. "நான்தான் எங்கயோ சொதப்புறேன் மேடம்" என்று அழுதுவிட்டாள். ஐந்தாவது முறை நானே செய்தேன். எனக்கும் ஃபிலிம் காலி.

அன்று அதைச் செய்தவள் நீ. நோட்டில் எழுதாதது ஏதாவது நினைவிருக்கிறதா?

உன் நாத்தனார்,
வாலு

மார்ச் 19

என் அன்பு வாலு,

நலம். உன் அண்ணன் என்னிடமும் அவ்வளவுதான் பேசுகிறார். பள்ளிக்கூடத்தில் தேர்வு நேரம், விடைத்தாள் குவிந்துவிட்டது, அதனால்தான் தாமதம் என்று எழுத நினைத்தேன். அது பொய். உன் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே எட்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தேன்.

நினைவிருக்கிறது. ஜன்னலோர இன்குபேட்டர். மூன்று முறையும் சோதனைக்கு முன்னால் செல்களை அதில்தான் வைத்திருந்தேன். கட்டுரையை அனுப்பி இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். வெளியே, உடம்புச் சூடான முப்பத்தேழு டிகிரி என்றே காட்டியது. உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "சென்சார் போயிடுச்சுங்க. உள்ள முப்பத்தொன்பது ஓடிட்டிருக்கு. எத்தனை நாளா இப்படியோ" என்றார். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். நீ கீழே எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தாய்.

மறுபடி செய்து பார்த்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன். ரெண்டு டிகிரிதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு கல்யாணம். வேலையை விட்டது அதனால்தான் என்று எல்லாரும் நம்பினீர்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணி

ஏப்ரல் 27

அண்ணி,

ஐந்து வாரம் எழுதாமல்தான் இருந்தேன். அதாவது, திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். வேறு ஆய்வகத்துக்காரர்கள் இரண்டு பேர் எங்களுக்கு இந்த முடிவு வரவில்லையே என்று எப்போதோ கேட்டிருந்தார்கள். உங்களுக்குக் கை பழகவில்லை போலிருக்கிறது என்று மிதப்பாகப் பதில் போட்டவள் நான்தானே. அன்றே உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லையா, தோன்றியும் கேட்கவில்லையா என்று எனக்கே தெரியவில்லை.

நம் கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பிவிட்டேன். ஆய்வக இயக்குநர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த மாதக் கருத்தரங்கில் பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

இதற்கு நடுவே மாணவி வந்து நின்றாள். "மேடம், முப்பத்தொன்பதுல வெச்சுப் பார்த்தா என்ன?"

"பார்த்து?"

"ஜுரம் வந்தா உடம்பு அவ்வளவு சூடுதானே? சும்மா பார்ப்போமே."

வைத்தோம். முக்கியப் புரதம் இல்லை. ஆனாலும் பட்டை விழுந்தது, கரியால் இழுத்த மாதிரி. மூன்று முறையும்! அந்த வழி பொய்யில்லை, அண்ணி. ஜுரச் சூட்டில் மட்டும் திறக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. "தெரியாது" என்று சொல்வதற்கு இவ்வளவு ஆசையாக இருந்து எத்தனையோ வருடமாகிறது.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சூட்டில் எத்தனை மணி நேரம் இருந்தால் திறக்கும்? நாங்கள் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டுத்தான் பார்த்தோம். நீ இடையில் பார்த்தாயா?

வாலு

மே 3

வாலு,

பார்த்தேன். நாலாவது மணியில் ஒன்றுமில்லை. ஆறாவது மணியில் நல்ல கறுப்பு. காலியாக வந்ததை என் கைத்தவறு என்று நினைத்து நோட்டில் ஏற்றாமல் விட்டேன்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பதினோரு வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

திருத்தக் குறிப்பில் என்னைக் காப்பாற்ற ஏதாவது மழுப்பியிருப்பாய். பழுது எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்று என் பெயர் போட்டு எழுது. அதை எழுதி அனுப்பிவிட்டேன் என்று உன் பதில் வரட்டும். பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிறார்கள். அன்றே கிளம்புகிறேன். ஒரு மேஜை ஒதுக்கி வை.

ஐந்தாவது மணியில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

அண்ணி