குறிஞ்சாக்கேணியில் செத்த இறால்

கிண்ணியா
3.2.2025

அன்பு மகள் டிலக்ஷிக்கு,

சுகமும் சமாதானமும் உண்டாகட்டும். உங்கட அப்பா லெஸ்லி என்ட போனை எடுக்கிறானில்லை. அதுக்கு அவனைக் குறை சொல்ல ஏலாது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு நஸ்ரியா எழுதுறா.

நீங்கள் மெல்பேர்ணில சவர்க்காரத்தைப் பற்றிப் படிப்பிக்கிறீங்களாம். சவர்க்காரத்துக்கும் ஒரு பல்கலைக்கழகமோ எண்டு சிரிச்சனான். போன கிழமை துறையில ஒரு படகு டீசல் கொட்டினது. சவர்க்காரத் தண்ணி ஊத்தினாங்கள், தெளிஞ்சுபோச்சு. அந்த டீசல் எங்க போகும், மகள்? கண்ணுக்குத் தெரியாட்டி இல்லையெண்டுதானே?

முஹம்மது தம்பி
(பெருவிரல் அடையாளம்)


மெல்பேர்ண்
20.2.2025

தம்பி மாமாவுக்கு,

சுகமாக இருக்கிறோம். அப்பா முழங்கால் வலி என்று புறுபுறுக்கிறார். உங்கள் கடிதம் மூன்று நாள் மேசையில் கிடந்தது. காணாத மாதிரி இருந்தார்.

டீசல் எங்கும் போகாது, மாமா. சவர்க்கார மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் ஒரு தலை, தண்ணீரை வெறுக்கும் ஒரு வால். வால்கள் உள்ளே ஒதுங்க, தலைகள் வெளியே நிற்க, தாமாகவே சேர்ந்து உருண்டையாகும். எண்ணெய் அதன் நடுவில் ஒளிந்திருக்கும். ஒற்றை வாலென்றால்தான் உருண்டை. இரட்டை வாலென்றால் அப்படி உருண்டையாக இடம் போதாது. அருகருகே நின்று விரிப்பாகிவிடும். உங்கள் களப்பு இறாலின் செவுளில் உள்ள ஒவ்வொரு கலத்தையும் மூடியிருப்பது அந்த இரட்டை வால் விரிப்புத்தான். ஒற்றை வால் சவர்க்காரம் அதற்குள் ஆப்புப் போல நுழைந்தால் விரிப்புக் கிழிந்துவிடும்.

ஏன் கேட்டீர்கள்?

டிலக்ஷி


கிண்ணியா
11.3.2025

மகள்,

இதைச் சொல்லேக்க நஸ்ரியாட பேனை நிண்டுபோச்சு. அவட மாமனார்தான் உங்கட அப்பாவை மீனவர் சங்கத்தால வெளியேத்தினவர். "எழுதுங்க புள்ள" எண்டனான்.

2003. நோன்புக்கு முந்தின வியாழக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது. துறையில இழுவைப் படகு கழுவிக்கொண்டு நிண்ட நான், அஸர் தொழ ஓடினன். வால்வைப் பூட்ட மறந்திட்டன். வரேக்க களப்பெல்லாம் டீசல். துறைக் கங்காணி ரெண்டு பீப்பா சவர்க்காரத் திரவம் தந்தார். ஊத்தினது நான். தண்ணி பளிங்கு மாதிரித் தெளிஞ்சுது.

மூண்டாம் நாள் குறிஞ்சாக்கேணியில இறால் வெள்ளையா மிதந்தது. அங்க வலை போட்டவன் லெஸ்லி. அவன்தான் நஞ்சு போட்டவன் எண்டாங்கள். அவனைச் சங்கத்தில சேர்த்தவன் நான். எழும்பிச் சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை.

உங்கட கடிதத்தை நாலு தரம் வாசிப்பிச்சுக் கேட்டன். நானும் அந்த உருண்டைதான் மகள். வெளியில எல்லாருக்கும் சலாம். உள்ளுக்கு அந்த டீசல்.

முஹம்மது தம்பி
(பெருவிரல் அடையாளம்)


மெல்பேர்ண்
2.4.2025

தம்பி மாமாவுக்கு,

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தெரியும்" என்றார்.

அந்த வியாழக்கிழமை இரவு நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்களாம். எந்த நாளும் டீசல் மணக்கும் உங்கள் கைகள் அன்று சவர்க்காரம் மணக்க வெளுத்திருந்தனவாம். "அவனே சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார்.

மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "உனக்கு எழுதினது காணாது. சங்கத்தில சொல்லட்டும். அதுக்குப் பிறகு நானே அவனுக்குப் போன் அடிக்கிறன்" என்றார்.

டிலக்ஷி


கிண்ணியா
9.5.2025

லெஸ்லி,

இண்டைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு சங்கக் கூட்டம். எழும்பினன். "இருங்க காக்கா, வயசான காலத்தில என்ன கதை" எண்டான் தலைவர் அஸீம். இருக்கேல்லை. வால்வு, பீப்பா, இறால், எல்லாம் சொன்னன்.

நஸ்ரியாட மாமனார் எழும்பி வெளியில போனார். போயிட்டார் எண்டு நினைச்சன். பழைய பெயர்க் கொப்பியோட திரும்பி வந்தார். உன்ட பேரை வெட்டின கோட்டுக்குக் கீழ திரும்பவும் உன்ட பேரை எழுதினார். எனக்கு வாசிக்கத் தெரியாது. உன்ட பேர் எப்படி இருக்கும் எண்டு தெரியும். என்ட பேரை வெட்டச் சொன்னன். வெட்டினார்.

வீட்டுக்குத் தனியத்தான் நடந்து வந்தனான். ஒருத்தரும் சலாம் சொல்லேல்லை.

போன் சட்டைப் பையில இருக்கு. நஸ்ரியா சத்தத்தைக் கூட்டித் தந்திருக்கிறா.

தம்பி
(பெருவிரல் அடையாளம்)