ஒத்திவைக்க முடியாத பயிர்

அந்தக் கடை முக்கில் நிற்க வேண்டாம் என்று அன்று நான் உங்களிடம் சொல்லவில்லை. முந்தைய வாரம் கல் வந்தது அங்கிருந்துதான் என்பது உங்களுக்கும் தெரியும். சொல்லியிருந்தால், "நீ வேணா வண்டிகிட்ட நில்லு புள்ள" என்று சிரித்திருப்பீர்கள். அதனால் உங்கள் ஹெல்மெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

இன்று காலை, ஈரத்துணியில் கட்டிவைத்திருந்த பாசிப்பயறை அவிழ்த்தேன். முளைவிட்ட பயறின் பச்சை வாசனை வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா, உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ச் சண்டைகளுக்குப் பிறகு இரு தரப்போடும் பேசப் போவது நம் வேலை. நீங்கள் பல வருடங்களாகச் செய்தது, எனக்குப் புதிது. மதுரை கோரிப்பாளையத்தில் தர்காவை ஒட்டிய உங்கள் வீட்டிலிருந்து உங்கள் ஸ்கூட்டியில் கப்பலூரைத் தாண்டி அந்த ஊருக்குப் போனோம். அங்கே திருவிழாவில் மேற்குத் தெருப் பெண்கள் முளைப்பாரி சுமந்து ஊர் ரோடு வழியாகக் கண்மாயில் கரைக்கப் போவார்கள். கிழக்குத் தெருப் பெண்களுக்கு வயல் வரப்புதான். அவர்களுடைய முன்னோர் மேற்குத் தெருவின் வயல்களில் கூலிக்கு உழைத்த காலத்து வழக்கம். இந்த முறை நாங்களும் ரோட்டில் போவோம் என்று கிழக்குத் தெரு இளைஞர்கள் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதை யாரோ கிழித்தார்கள். கடை முக்கிலிருந்து கல் பறந்து கிழக்குத் தெருப் பையன் ஒருவனின் மண்டை உடைந்தது. பதிலுக்கு ஒரு கடை நொறுங்கியது. இரண்டு தெருவிலும் கைது, ஊர் முனையில் போலீஸ் வேன்.

அதன் பிறகு சமாதானக் கூட்டம். அதிகாரிகள், இரு தெருப் பெரியவர்கள், எல்லோரும் ஆண்கள். திருவிழாவை ஒரு மாதம் ஒத்திவைப்பதாகக் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். விதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்பது அவர்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. இரண்டு தெருவிலும் இருட்டறைக்குள், மண்ணும் எருவும் நிரப்பிய ஓடுகளில், பயிர் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. ஆண்கள் அந்த அறைக்குள் போவதே இல்லையே.

இதைக் கேட்டதும் நீங்கள் வண்டியை ஓரங்கட்டிச் சிரித்தீர்கள். "ரெண்டு தெருப் பொம்பளைகளும் ஒண்ணாக் கோவப்படுற மாதிரி ஒரு தப்பப் பண்ணிருக்காங்க. இது போதும் நமக்கு."

நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் மண் அள்ளிக்கொண்டிருந்தவர்களிடம், சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனோம். இரண்டு தெருப் பெண்களும் தனித்தனி மரத்தடியில் இருந்தார்கள். நீங்கள் நடுவில் வெயிலில் உட்கார்ந்தீர்கள். மேற்குத் தெருவில் பாரி வளர்க்கும் முத்துராக்கு அம்மாதான் முதலில் வெடித்தார்.

"ஒத்தி வச்சுட்டாகளாம்ல! பயிருகிட்டப் போயி வளராம நில்லுன்னு சொல்லச் சொல்லுங்க."

எதிர் மரத்தடியிலிருந்து கிழக்குத் தெரு பாண்டியம்மா சொன்னார்: "எங்க பயிரும் கேக்க மாட்டேங்குது. கையெழுத்துப் போட்டது அதுக்குத் தெரியலையாம்."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பக் கரைக்கணும்ல. எந்தப் பாதையில?" என்று நீங்கள் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அவுக எப்பவும் போற பாதையில போகட்டும்" என்றார் முத்துராக்கு அம்மா.

"தலையில பாரியோட வரப்புல நடந்து பாத்திருக்கியா நீயி? போன வருசம் எம்மக வழுக்கி விழுந்து பாரி ஒடைஞ்சு போச்சு" என்றார் பாண்டியம்மா.

முத்துராக்கு அம்மாவின் முகம் மாறியது. பாரி உடைவது ஊருக்கே ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. "இம்புட்டு நாளா ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா ரோட்டக் குடுத்திருப்பியாக்கும்?"

யாரும் பேசவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் எதையாவது சொல்லி நிரப்பியிருப்பேன். நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள், பாட்டிலை மூடினீர்கள்.

"எங்களுக்குப் பின்னாடி வரட்டும்" என்றார் முத்துராக்கு அம்மா கடைசியில்.

"பின்னாடின்னா வரல." பாண்டியம்மா தூக்குவாளியை மூடிக்கொண்டு எழுந்தார்.

"அட, முன்னாடியே போய்த் தொலைங்கடி! கல்லெடுக்கிறவன் எங்கக்கா மகந்தான். அந்த முக்குல நான் நிக்கிறேன். எடுக்கட்டும், பாப்போம்."

"நானும் நிக்கிறேன்த்தா" என்றீர்கள்.

"கோரிப்பாளையத்துக்காரி, ஒனக்கு எதுக்கு எங்க சாமி சோலி?"

"கும்மி பாக்கணும்ல. ஓசியில வேற எங்க பாக்க?"

மறுநாள் அனுமதி கேட்கப் போனபோது, பழைய பாதை என்றால் உடனே தருவதாக அதிகாரி சொன்னார். "வரப்புக்கே திருப்பி அனுப்ப நாங்க எதுக்கு சார்? அதுக்கு உங்க வேனே போதுமே" என்றீர்கள். இரண்டு தெருப் பெண்களும் ஒத்துக்கொண்டதைக் கேட்டு அவர் பேனாவைத் திறந்தார். பிறகு ரோட்டுக்கே அனுமதி கொடுத்தார்.

அன்று மாலை கிழக்குத் தெருப் பெண்கள் வந்தார்கள். வெயில் காணாத வெளிர்மஞ்சள் பயிர் அவர்கள் தலைக்கு மேல் ஆடியது. முக்கில் வெற்றிலை மென்றபடி முத்துராக்கு அம்மா, பக்கத்தில் முக்காட்டோடு நீங்கள். கடைக்குப் பின்னால் ஒரு விசில் கேட்டது.

"டேய் செல்வம், வெளிய வாடா! வந்து பயிரு எம்புட்டு வளந்திருக்குன்னு பாத்துட்டுப் போ!" என்று அக்கா மகனைக் கூப்பிட்டார் முத்துராக்கு அம்மா.

ஒருவரும் வரவில்லை. பாண்டியம்மாவின் மகள் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, உங்களையும் பார்க்காமல், முத்துராக்கு அம்மாவையும் பார்க்காமல் கடந்து போனாள். அவள் கண்மாய்க் கரையில் ஏறும்வரை உங்கள் ஹெல்மெட்டை நான் கீழே வைக்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் உங்கள் இதயம் நின்றுவிட்டது. செய்தி கேட்டு முத்துராக்கு அம்மாவும் பாண்டியம்மாவும் வந்தார்கள், வேறு வேறு பஸ்ஸில். உள்ளே வரலாமா என்று தெரியாமல் உங்கள் தெருமுனையில் தள்ளித்தள்ளி நின்றவர்களை நான்தான் கூட்டிப்போனேன்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும், கூட்டத்தில் யார் இல்லை என்றுதான் முதலில் பார்க்கிறேன். யாரும் பேசாத நேரத்தில் பேசாமல் இருக்கவும் கொஞ்சம் பழகியிருக்கிறேன். ஸ்கூட்டி ஓட்ட மட்டும் இன்னும் பயம்தான்.

பையன்கள் மீதான வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த ஆண்டும் கிழக்குத் தெருப் பெண்கள் ரோட்டில்தான் போனார்கள்.