அகா என்றால் அண்ணனாம்

அண்ணா,

எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். அப்பா உழும் நிலத்தின் சொந்தக்காரன் ரூஸ்தம் அகா இன்று என்னைப் பெண் கேட்டு வந்தான். அப்பாவைவிட மூத்தவன். பெண் கேட்பவனின் காப்பியில் உப்புப் போடுவது நம் வழக்கம்தானே? துப்பிவிட்டு ஓடட்டும் என்று கைநிறைய அள்ளிப் போட்டேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையை நக்கினான்.

"குறும்புக்காரிதான்! எனக்குப் புடிச்சிருக்கு."



அகா என்றால் பழைய துருக்கி மொழியில் அண்ணன் என்றுதான் பொருளாம். பிறகுதான் எஜமானர்களின் பட்டமானதாம். பள்ளியில் டீச்சர் சொன்ன இதை அப்பாவிடம் சொன்னேன்.

"வாய மூடுடி! நிலத்தப் புடுங்கிட்டான்னா அந்த அர்த்தத்தையா திங்கிறது?"

வெள்ளிக்கிழமை மோதிரம் போடப்போகிறார்கள். அகா என்ற சொல்லுக்கு உரியவன் நீதான். வெள்ளிக்குள் இஸ்தான்புல்லிலிருந்து வந்து என்னைக் கூட்டிப்போ.

உன் தங்கை