பெருக்கி வைத்த கார் ஷெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. போனில் கூப்பிட்டால் “மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்” என்பாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான் சௌக்கியம். முழங்கால்தான் படியேறும்போது முணுமுணுக்கிறது. சமையலறைக் குழாயை எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் சரிசெய்து கொடுத்தார். குழாய் அவர் வேலையே இல்லை, என் மேல் இரக்கம், அவ்வளவுதான்.

நேற்று இன்சூரன்ஸ் சர்வேயர் வந்திருந்தார். நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். கார் இங்கேதான் நிற்கிறது, மகள் அந்த ஒரு வாரம் மட்டும் வேலையாக நகரத்துக்கு ஓட்டிப்போனாள், அங்கே லேசாக உரசிவிட்டது என்று. அதோடு வாயை மூடியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே கழுவுவேன் என்றேன், பூனை பானெட் மேல்தான் தூங்கும் என்றேன். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். கேட்காததையெல்லாம் சொல்கிறவனிடம் டிக்கெட் இருக்காது என்று எத்தனை கண்டக்டர்களுக்குச் சொல்லியிருப்பேன்!

ஷெட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். பெருமையாகத் திறந்துவிட்டேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை, டயர் தடம் இல்லை. “ரெண்டு வருஷமா கார் நிக்கிற தரை மாதிரி தெரியலையே சார்” என்றார். ஒவ்வொரு லீவுக்கும் வருகிறேன் என்பாய், நான் சனிக்கிழமைதோறும் பெருக்கிக் கழுவி வைப்பேன். அந்தச் சுத்தமே நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்போதும் சமாளித்திருப்பேன். ஆனால் அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு உள்ளே நசுங்கிக் கிடக்கிறது. இதுவா பாப்பா லேசான உரசல்? அன்று வீடியோ காலில் தோளைச் சால்வையால் மூடிக்கொண்டு குளிர் என்றாயே. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுச் சமையலறையிலிருந்து அவர்தான் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார்.

குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார் வாங்கியதிலிருந்து உன்னிடம்தான் இருக்கிறது. இந்தச் சின்ன ஊரில் விபத்தும் திருட்டும் குறைவு என்பதால் பிரீமியம் குறைவு, உன் ஊரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நீ தயங்கினாய், இந்த முகவரியைக் கொடுக்கச் சொன்னது நான்தான். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிப்பேருக்குப் பணம் வராது போலிருக்கிறது. கோபித்துக்கொள், திட்டு, பரவாயில்லை. “பெருசா ஏதாவது ஆகியிருந்தாலும் இப்படித்தான் கைவிரிச்சிருப்பாங்க சார்” என்று அவர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. முகவரி மாற்றும் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்றே கையெழுத்திட்டு அனுப்பிவிடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் அப்படிச் செய்யவில்லை. வண்டி இரவில் நிற்கும் இடம் என்ற கட்டத்தில் நம் வீட்டு முகவரி இருக்கும். அம்மா போனபிறகு ஆளில்லாத இந்த வீட்டில் உட்கார்ந்து, பாலிசி வரும்போதெல்லாம் அந்த வரியை இரண்டு தடவை படிப்பேன். அந்தக் கம்பெனியாவது நீ தினமும் வீட்டுக்கு வருவதாக நம்பிக்கொண்டிருந்தது. இனி அதுவும் இல்லை.

தோள் எப்படி இருக்கிறது? உண்மையை எழுது. எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, பொய்யைக் கண்டுபிடிக்கவும் வரவில்லை. கார் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடக்கட்டும், பஸ்ஸில் வா. வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை ஷெட்டைப் பெருக்குவதை நான் நிறுத்தப்போவதில்லை.

எந்த முகவரியில் இருந்தாலும் நன்றாக இரு, பாப்பா.

உன் அப்பா